மாரி மழையும் பேருந்து வாசலும்: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான்: மாரி தொடங்கியதும் பேருந்தின் வாசலை ஒரு கூட்டம் அடைத்துக்கொள்கிறது, நடுவில் நிற்பதற்கு இடம் இருந்தும் எவரும் நகர்வதில்லை, நனைந்த குடையும் பையும் அடுத்தவர் மடியில் வடிகின்றன, யன்னல்களை இறுக மூடிவிட்டு எல்லோரும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் சுவாசிக்கிறார்கள், தரிப்பிடத்தில் நனைந்துகொண்டு நிற்பவர்களைப் பற்றி, ஏறிவிட்டவர்கள் எவருக்கும் கவலை இல்லை. இது எங்கள் சனத்தின் குணமா, பேருந்துகளின் குறையா, இதில் தனியொருவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று அவர் கேட்கிறார்.

வன்னியின் பேருந்துச் சேவையோடு நீண்டகாலம் தொழில்முறையாகப் பழகியவன் என்ற வகையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் விவரிப்பவற்றுள் சில வெறும் அக்கறையீனம். அவற்றுக்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. வாசல் அடைபடுவதை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். வாசலில் நிற்பவர் பெரும்பாலும் பயத்தினாலேயே நிற்கிறார்; தன்னுடைய இறக்கத்தைத் தவறவிட்டுவிடுவோம் என்ற பயம் அது. மழை அந்தப் பயத்தை எவ்வாறு பெருக்குகிறது என்பதை விளங்கிக்கொண்டால், கோபித்துக்கொள்வதிலும் பயனுள்ள சில காரியங்கள் கைக்கு எட்டும்.

முதலில் பேருந்துக்கு வெளியே நடப்பதைப் பார்க்கவேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேர். நாட்டிலேயே சனச்செறிவு மிகக் குறைந்த மாவட்டமாக அது அப்போது பதிவாகியது. இவ்வளவு பரந்த நிலத்தில், காட்டுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் இடையில் இவ்வளவு குறைந்த சனம் சிதறி வாழும்போது, வீதி நெடுக ஆள் சேராது. ஆள் சேராத வீதியில் அடுத்தடுத்துப் பேருந்து விட எவரும் முன்வருவதில்லை. ரயிலும் இதற்கு உதவுவதாக இல்லை. வடக்குப் பாதை 2014இல் யாழ்ப்பாணம்வரை மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், அது மாங்குளம், முறிகண்டி என்று மாவட்டத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போய்விடுகிறது. ஆகவே மாங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவு வரையுள்ள ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குப் பேருந்தை விட்டால் வேறு பொதுப் போக்குவரத்து இல்லை.

அந்தப் பேருந்துகளின் நேர அட்டவணை சாதாரண நாளின் வருமானத்தை வைத்தே ஓடுகிறது. சாதாரண நாளில் வன்னியைச் சுமப்பவை சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமே. பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஆசிரியர், கிராம அலுவலர், வங்கி ஊழியர், தோட்டக்காரர் என்று வசதியுள்ளோர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் இவர்களில் கணிசமானோர் ஒரே நேரத்தில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தரிப்பிடத்துக்கு வருகிறார்கள். பயணிகள் இவ்வாறு பெருகும் அதே நாளில் பேருந்து ஒன்றுகூடக் கூடுவதில்லை. சில நாட்களில் குறையவும் செய்கிறது. உள்வீதிகளின் கிரவல் கரைந்து சேறானதும் கிராமத்துக்குள் போகவேண்டிய பேருந்து சந்தியோடு திரும்பிவிடும். மதகுக்கு மேலாக வெள்ளம் பாய்ந்தால் சேவை அரைவழியில் நிற்கும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியின் வட்டுவாகல் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: நந்திக்கடலை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும் அந்த ஒடுங்கிய பாலம் வெள்ளத்தில் மூழ்குவது மாரிதோறும் எதிர்பார்க்கப்படும் செய்தி. அதற்குப் பதிலான புதிய பாலத்தின் வேலை 2025இல்தான் தொடங்கப்பட்டது.

பருவமும் நமக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர்வரையான காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஆண்டிறுதிப் பரீட்சைகளும் அலுவலகங்களின் வருட முடிவுக் கணக்குகளும் விதைப்பு வேலைகளும் வந்து குவியும் மாதங்கள் அவை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதையும், 2024 நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலையால் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவை பேரிடர் நாட்கள். அன்று பாடசாலை இல்லை, ஆகவே பேருந்தில் நெரிசலும் இல்லை. நெரிசலுக்குரிய நாள், மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தும் எல்லாம் வழமைபோல் நடைபெறவேண்டிய நாள்தான். பாடசாலை 7.30க்குத் தொடங்கிவிடும்; வரவுப் பதிவேட்டில், பிந்தி வருவோரைப் பிரித்துக்காட்டும் சிவப்புக் கோடு விழுந்துவிடும்; மழை பெய்தது என்று அந்தக் கோடு காத்திராது. அடுத்த பேருந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வரும் ஊரில், இந்தப் பேருந்தை விடு, அடுத்ததில் வா என்று ஒருவருக்குப் பண்பு போதிப்பது பயனற்றது. கொழும்பில் காலி வீதியில் நிற்பவர் அடுத்த பேருந்துக்காகச் சில நிமிடம் பொறுத்தால் போதும். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலுள்ள கரிப்பட்டமுறிப்பில் நிற்பவர் பொறுத்தால் அரைநாள் சம்பளமே போகும்.

இனிப் பேருந்துக்கு உள்ளே வருவோம். இங்கே ஓடும் பெரிய பேருந்துகளில் பொதுவாக ஒரு பக்கம் மூவரும் மறுபக்கம் இருவரும் அமரும் ஆசன ஒழுங்கே இருக்கிறது. இடையில் மிஞ்சும் நடைபாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கலாமே தவிர, நிற்பவரைக் கடந்து செல்வது உடல்களை உரசிக்கொண்டுதான். மழை நாளில் அந்த ஒடுக்கமான பாதையின் பெறுமதி மேலும் குறைகிறது. யன்னல் சரியாகப் பொருந்தாத வண்டியில் யன்னலோர ஆசனம் நனைந்திருக்கும். நனைந்த ஆசனத்தில் எவரும் அமரமாட்டார். அதற்கு அடுத்த ஆசனத்தில் இருப்பவரும் தள்ளி அமரமாட்டார். நிற்பவர் அவரைத் தாண்டி உள்ளே போகவும் துணியமாட்டார். இப்படிச் சில வரிசைகளில் ஆசனங்கள் வெறுமையாகப் போக, அவற்றுக்குரியவர்கள் நடைபாதையில் நிற்பார்கள். வெயில் நாளில் கூரைத் தட்டில் போகும் மரக்கறி மூடையும் அரிசிப் பையும் அன்று உள்ளே வந்து பாதையின் நடுவில் அமர்ந்துகொள்ளும். அவற்றைச் சுற்றிச் சிறு தீவுகளாக வெற்றிடம் உண்டாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடுவில் இடம் இருக்கிறது என்று தெரிவது இதனால்தான். இடம் இருப்பது உண்மை. அங்கே போவதற்கு வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதற்கு மேல்தான் கண்ணாடி வருகிறது. எனது பார்வையில் மழை நாள் நெரிசலின் மையமே கண்ணாடிதான். அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவரின் மூச்சினாலும் தோலினாலும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. எழுபது பேர் அடைந்து நிற்கும் பேருந்தில் இது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ மூன்று லீற்றர் ஆகும். நனைந்த உடுப்பிலிருந்தும் குடையிலிருந்தும் எழும் ஈரம் இதற்குப் புறம்பானது. யன்னல்களை மூடிவிட்டால் அந்த ஆவி முழுவதும் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, பால் ஊற்றியதுபோல் வெளியை மறைத்துவிடும். சாரதி ஒரு கையால் துணியை வைத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவதை அந்த வீதியில் போகும் எல்லோரும் கண்டிருப்பார்கள். பயணியின் நிலை அதிலும் மோசம். வன்னியின் தரிப்பிடங்கள் பலவற்றில் கொட்டகை இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. இறங்குபவர்கள் கோயில் வளைவு, குளக்கட்டு, ஒரு மருதமரம், ஒரு தேத்தண்ணிக்கடை என்று அடையாளம் வைத்தே இறங்குகிறார்கள். கண்ணாடி மங்கிய கணத்தில் அந்த அடையாளங்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. பேருந்தில் வெளியே பார்க்கக்கூடிய இடங்கள் அப்போது இரண்டேதான்: சாரதியின் பக்கம், வாசல். ஆகவே அடுத்த அரைமணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டியவர்கள் அனைவரும் வாசலை நோக்கி நகர்கிறார்கள். அவர்களைக் கேட்டுப்பாருங்கள், மறித்து நிற்கிறேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார், "இறக்கம் கிட்டடியில வரும் தங்கச்சி" என்றுதான் சொல்வார்கள்.

தவறவிட்டால் வரும் இழப்பும் மழை நாளில் பெரிது. வெயில் நாளில் ஒரு தரிப்பிடம் தாண்டி இறங்கியவர் திரும்பி நடந்துவிடலாம். மழையில், இருபக்கமும் காடும் வயலுமான வீதியில், ஒதுங்க இடமில்லாமல், பாடப்புத்தகத்தையோ கைக்குழந்தையையோ அணைத்துக்கொண்டு ஒரு கிலோமீற்றர் நடப்பது வேறு காரியம். மேலும் உள்ளே அகப்பட்டவர் "இறக்கம்" என்று கத்தியும், கூரையில் விழும் மழையின் இரைச்சலில் நடத்துநருக்கு அது கேட்காமல், மணியும் வேலை செய்யாமல், பேருந்து ஓடிக்கொண்டே போவது பலமுறை நடக்கும் சங்கதி. ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டவர் அடுத்த மாரி முழுவதும் வாசலை விட்டு நகரமாட்டார்.

நடத்துநரும் சாரதியும் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தனியார் பேருந்தில் பணியாளரின் நாள் வருமானம் பெரும்பாலும் அன்றைய வசூலோடு கட்டப்பட்டிருக்கிறது. வாசலில் தொங்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் காசு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்தில் அந்த அழுத்தம் ஓரளவு குறைவு, ஆனால் அங்கே வேறொரு சுமை இருக்கிறது: பருவச்சீட்டு வைத்திருக்கும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் தனியார் பேருந்துகள் ஏற்றுவதில்லையாதலால் அவர்கள் அனைவரும் சபையின் பேருந்துக்கே காத்திருப்பார்கள். வடக்கில் இரு தரப்புக்கும் பொதுவான இணைந்த நேர அட்டவணை பற்றிய பிணக்கு நெடுங்காலமாக இழுபடுவதால், ஒரே நேரத்தில் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுவதும் அதன் பின்னர் ஒரு மணித்தியாலம் வீதி வெறிச்சோடிக் கிடப்பதும் உண்டு. முன்னால் போகும் பேருந்து ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்களை அள்ளிக்கொண்டு பிந்திப் பிந்திப் போக, பின்னால் வருவது பாதி வெறுமையாக அதைத் தொட்டுக்கொண்டு வரும். உலகம் முழுவதும் பேருந்துத் துறையினர் அறிந்த நோய் இது. மழை அதை முற்றவைக்கிறது, ஏனெனில் குடையை மடக்கி, பையை ஒதுக்கி, வழுக்கும் படியில் கால் வைத்து ஏறுவதற்கு ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். ஏ9 வீதியில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் நெடுந்தூரப் பேருந்துகள் வெற்று ஆசனங்களோடு வவுனியாவையும் மாங்குளத்தையும் கடந்துபோவதைக் கண்டு உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும்; குறுந்தூரப் பயணிகளை ஏற்ற அவை பொதுவாக விரும்புவதில்லை.

ஒரு தலைமுறையின் நினைவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய வன்னிவாசி ஒருவர் தன் இளமையைப் போர்க்கால எரிபொருள் தடைக்குள் கழித்தவர். மண்ணெண்ணெயில் ஓடிய வாகனமும் உழவு இயந்திரப் பெட்டியும் சைக்கிளும்தான் அவர் அறிந்த போக்குவரத்து. ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்ததைக் கண்டவர். 2022இன் எரிபொருள் நெருக்கடியில் பேருந்துகள் மறுபடி அருகிப்போனதையும் கண்டார். வந்த வண்டியில் எப்படியாவது தொற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவருக்குப் பட்டறிந்த புத்தி. அதை மரியாதைக் குறைவு என்று மட்டும் வாசிப்பது நியாயமாகாது. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்த நியாயம் செல்லுபடியாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சமாதானம் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். பக்கத்து ஆசனத்தில் கைப்பையை வைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது, கர்ப்பிணித் தாயோ முதியவரோ பக்கத்தில் வந்து நின்றதும் திடீரென்று உறங்கிவிடுவது, குடையை உள்ளே கொண்டுவந்த பிறகு உதறுவது, தன் தலையில் ஒரு துளி விழுந்ததற்காக முழுப் பேருந்தின் காற்றையும் அடைப்பது ஆகியவற்றுக்கு வறுமையோ பேருந்துப் பற்றாக்குறையோ காரணமல்ல. இளைஞர்கள் உள்ளே இடமிருந்தும் மிதிபலகையில் நிற்பது வேறு வகை முட்டாள்தனம். நனைந்த மிதிபலகை வழுக்கும். நனைந்த வீதியில் வாகனம் நிற்க உலர்ந்த வீதியிலும் பார்க்க இரட்டிப்புத் தூரம் தேவை என்று சாரதிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதோடு மழை இரவிலும் விடியலிலும் கட்டாக்காலி மாடுகள் காய்ந்த தரை தேடித் தார் வீதியில் படுத்திருப்பது நம் ஊரின் நடைமுறை. சாரதி ஒரு மாட்டுக்காகத் திடீரென்று தடுப்பை மிதித்தால், வாசலில் அடைந்து நிற்கும் கூட்டம் முழுவதும் முன்னோக்கிச் சரியும்; மிதிபலகையில் நிற்பவர் எங்கே போவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நெரிசலைச் சாட்டாக வைத்துப் பெண்களின் உடலில் உரசுவது அக்கறையீனம் என்ற சொல்லுக்குள் அடங்காது, அது குற்றம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பேருந்திலும் ரயிலிலும் பயணிக்கும் பெண்களில் 90 சதவீதமானோர் இத்தகைய தொந்தரவுக்கு ஆளானதாகவும், அவர்களில் 4 சதவீதமானோரே பொலிஸாரை நாடியதாகவும் தெரியவந்தது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மழை நாளில் வாசலை விட்டு உள்ளே போக ஒரு மாணவி ஏன் தயங்குகிறாள் என்பதற்கு இன்னொரு விடை கிடைக்கும்: நடுவில் மாட்டிக்கொண்டால் நகரமுடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே எல்லோரும் உள்ளே போங்கள் என்று பொதுவாகச் சொல்வதற்கு முன், உள்ளே நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பிள்ளைகளை ஆசிரியைமார், தாய்மார் நிற்கும் பக்கமாக அழைத்து நிறுத்திக்கொள்வது உங்களால் இயலும் காரியம். தொந்தரவு நடந்தால் குரலை உயர்த்தி நடத்துநரை அழையுங்கள். பேருந்தைப் பொலிஸ் நிலையத்துக்கு விடச் சொல்லலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

தனியொருவர் செய்யக்கூடியது என்ன என்று கேட்டீர்கள். மிகப் பயனுள்ளது மிக எளிதானது: வாசலில் நிற்பவரிடம் நகரச் சொல்லாமல், எங்கே இறங்குகிறார் என்று கேளுங்கள். "அண்ணை, எங்க இறக்கம்?" என்று கேட்டால் கோபம் வராது, அவர் முள்ளியவளை என்பார், இன்னொருவர் தண்ணீரூற்று என்பார், இருவருக்கும் இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்பது அந்த இடத்திலேயே வெளியாகிவிடும். "அப்ப உள்ளுக்கு வாங்கோ, ஒட்டுசுட்டான் தாண்ட இடம் விட்டுத் தாறம்" என்று இரண்டு பேர் சொன்னால் அவர் வருவார். வராமல் நிற்பவரின் மனத்தில் இருப்பது இறங்கமுடியுமா என்ற சந்தேகம். அதற்குப் பதில் கிடைத்ததும் பிடிவாதம் தளர்கிறது. "ஏன் வாசல்ல மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று தொடங்கினால் அதே மனிதர் முல்லைத்தீவுவரை அசையமாட்டார்.

நடத்துநரிடமும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம்: தரிப்பிடத்தின் பெயரை முன்கூட்டியே உரத்துச் சொல்வது. பழைய நடத்துநர்கள் பலர் கேட்காமலேயே இதைச் செய்தார்கள். இப்போது ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுவதால் குரல் எடுபடுவதில்லை. மழை நாளில் பாட்டை நிறுத்திவிட்டு, "கரிப்பட்டமுறிப்பு இறக்கம் இருக்கோ, முன்னுக்கு வாங்கோ" என்று ஒரு கிலோமீற்றர் முன்னதாகக் கூப்பிட்டால், வாசலில் நின்று எட்டிப்பார்க்கவேண்டிய தேவையில் பெரும்பகுதி போய்விடும். நாள்தோறும் போகும் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் நடத்துநர் மறுப்பது அரிது. தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் குறைந்தால் அவருக்கும் நன்மைதானே.

காற்று விடயத்தில் திசையைக் கவனியுங்கள். மாரியின் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலையில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிக் கிழக்கே போகும்போது சாரல் பேருந்தின் இடது பக்கத்தில், அதாவது வாசல் இருக்கும் பக்கத்தில், அடிக்கும். வலது பக்க யன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்தால் பெரும்பாலும் எவரும் நனையமாட்டார்கள். பிற்பகல் திரும்பி வரும்போது மழை வலது பக்கத்தில் அடிக்க, இடது பக்கத்தைத் திறக்கலாம். மூன்று நான்கு யன்னல்கள் இப்படிச் சிறிது திறந்திருந்தாலே கண்ணாடி தெளிந்துவிடும். தெளிந்தால் சாரதிக்கும் வீதி தெரியும், இறங்குபவருக்கும் தன் ஊர் தெரியும். பையில் ஒரு பழைய துவாய்த் துண்டு வைத்திருந்து நனைந்த ஆசனத்தைத் துடைத்துவிட்டு அமர்வதும், முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வைப்பதும், குடையை ஏறுமுன் படியிலேயே உதறி நுனி கீழாகப் பிடிப்பதும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாதவை என்று தோன்றலாம். உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளின் முதுகுப் பை நடைபாதையில் இன்னொரு ஆளின் இடத்தைப் பிடிக்கிறது.

பேருந்தின் எண்ணிக்கையும் நேரமும் பற்றிய முறைப்பாடு எங்கே போகவேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளின் வழி அனுமதி மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே வவுனியா – முல்லைத்தீவு போன்ற சேவை குறித்து வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுதவேண்டும். 1955 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்குரியது. மாகாணங்களுக்கிடையே ஓடும் நெடுந்தூரப் பேருந்து பற்றிய முறைப்பாட்டுக்கு அது பொருந்தும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சேவையென்றால் அந்தப் பேருந்து புறப்படும் சாலையின் (டிப்போவின்) முகாமையாளருக்கு எழுதுங்கள். "மழை நாளில் பேருந்து போதாது" என்று மட்டும் எழுதிய கடிதத்தைக் கொண்டு எவராலும் ஒன்றும் செய்யமுடியாது. திகதி, நேரம், பேருந்தின் பதிவிலக்கம், எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை பேர் ஏறமுடியாமல் விடப்பட்டார்கள் என்ற விவரத்தை இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறித்து, அதிபரின் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். புதிய பேருந்து கேட்பதிலும் பார்க்க, இருக்கும் பேருந்தின் நேரத்தை மாற்றக் கேட்பது இலகுவில் நிறைவேறும். பாடசாலை 1.30க்கு விடும்போது 1.25க்குக் கடந்துபோகும் பேருந்து ஒருவருக்கும் உதவாது. அதைப் பதினைந்து நிமிடம் பிந்தவைத்தால் அடுத்த பேருந்தின் நெரிசல் வெகுவாகக் குறையும். மாணவர் தொகை போதுமானதாக இருந்தால், அரச மானியத்தோடு நடைபெறும் சிசு செரிய பாடசாலைப் பேருந்துச் சேவையையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பிள்ளைகள் தனி வண்டியில் போனால் பொதுப் பேருந்தின் வாசலில் நிற்பவர்களின் தொகை தானாகவே குறையும். இந்தக் கடிதம் ஓகஸ்ட் மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். நேர அட்டவணையை மாற்றுவதற்கு இரு தரப்பாரையும் அழைத்துப் பேசவேண்டியிருப்பதால், ஒக்டோபர் மழையில் நனைந்துகொண்டு எழுதும் முறைப்பாடு அந்த ஆண்டு மாரிக்குப் பயன்படுவதில்லை.